லிங்க் அனுப்பினால் தேர்தல் ஆகிவிடாது

நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வாக்குச்சீட்டு என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. என்எல்சி நிர்வாகத்தோடு எந்தத் தொழிற்சங்கம் உட்கார்ந்து பேசுவது என்பதை முடிவு செய்ய ரகசிய வாக்கெடுப்பு வந்துவிட்டால் ஊருக்கு வேறு பேச்சே கிடையாது. கேட்டுக்குக் கேட் கொடி, வட்டத்துக்கு வட்டம் தெருமுனைக் கூட்டம், டீக்கடை பெஞ்சில் கூட்டல் கழித்தல். தொமுசவா, அண்ணா தொழிற்சங்கமா, சிஐடியுவா, பாட்டாளி சங்கமா என்று ஒரே குவார்ட்டர்ஸ் வரிசைக்குள் வாய்ச்சண்டை நடக்கும். வாக்குப்பதிவு அன்று எல்லாம் அடங்கிவிடும். ஷிப்ட் முடிந்து வருகிறவர் வரிசையில் நிற்பார், அடையாள அட்டையைக் காட்டுவார், சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போவார், மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். தோற்ற சங்கத்துக்குக் கசப்பு இருக்கும். ஆனால் எண்ணும்போது தன் ஆளும் மேசையருகே நின்றார் என்பதை அதனால் மறுக்க முடியாது.

இப்படிப்பட்ட வீடுகளின் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் கிடைப்பது ஒரு லிங்க்.

நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் அந்த லிங்க்கைக் காட்டினான். நகரியத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது அவன் கல்லூரி. பெயரை இங்கே எழுதவில்லை. "காலேஜ் பேரப் போட்ராதீங்க சார், இன்டர்னல் மார்க்ல கை வெச்சிருவாங்க" என்றான். இரவு பத்து மணிக்கு வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் வந்திருக்கிறது. மறுநாள் மதியத்துக்குள் எல்லோரும் வாக்களிக்க வேண்டும் என்று கட்டளை. ஃபார்மின் முதல் கேள்வி மின்னஞ்சல், இரண்டாவது பெயர், மூன்றாவது பதிவு எண், நான்காவது துறை. ஐந்தாவது கேள்வியில் மாணவர் பேரவைத் தலைவர் பதவிக்கு இரண்டு பெயர்கள். அந்த இருவரும் எப்போது மனு போட்டார்கள், மூன்றாவது ஆள் ஏன் இல்லை, யார் இந்தப் பட்டியலைத் தயாரித்தது என்பதெல்லாம் பையனுக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து வண்ணப் போஸ்டர் ஒன்று வந்தது: ஆன்லைன் தேர்தல் மூலம் தேர்வான பேரவைத் தலைவருக்கு வாழ்த்துகள். எத்தனை பேர் வாக்களித்தார்கள், யாருக்கு எத்தனை என்ற எண் எங்கும் இல்லை.

அவனுடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர். போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பேரையும் எழுதி, ஓட்டையும் எழுதச் சொன்னா அதுக்குப் பேரு ஓட்டாடா? அட்டெண்டன்ஸ்" என்றார். இந்தத் தலையங்கத்தில் நாம் எழுதப்போவது அந்த ஒரு வரியின் விரிவுதான்.

கூகுள் ஃபார்ம் வேலை செய்யும் விதத்தை அறிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஃபார்மை உருவாக்கியவருக்குப் பின்னால் ஒரு விரிதாள் நிறைகிறது. ஒரு மாணவருக்கு ஒரு வரி. எந்த நிமிடம் அனுப்பினார், எந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பினார், என்ன பதில் சொன்னார் என்று எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். மின்னஞ்சல் வேண்டாம் என்று விட்டால், லிங்க் கிடைத்தவர் எவரும் எத்தனை முறையும் வாக்களிக்கலாம். ஆளுக்கு ஒரு முறை என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கோடு உள்ளே வர வேண்டும். இரண்டு கணக்கு வைத்திருப்பவருக்கு இரண்டு வாக்கு. பிடிக்காத வரி ஒன்றை ஃபார்மின் சொந்தக்காரர் அழித்துவிட்டால் வெளியே இருக்கும் ஒருவருக்கும் தெரிய வழியில்லை. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், டூருக்கு யார் யார் பணம் கட்டினார்கள் என்று கேட்டுக்கொள்ள இது நல்ல கருவி. தேர்தலுக்கு இதை எடுத்தவர், ரகசியம் என்ற சொல்லையே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்.

ஃபார்ம் வேண்டாம், கல்லூரியின் சொந்த இணையதளத்தில் பாஸ்வேர்டு போட்டு நடத்துகிறோம் என்பார்கள் சிலர். பாஸ்வேர்டு என்ன? நம் மாநிலத்தில் தேர்வு முடிவு பார்க்கப் பழகியவர்களுக்குத் தெரியும்: பதிவு எண், பிறந்த தேதி. பதிவு எண் தேர்வறைக் கதவில் ஒட்டியிருக்கும். பிறந்த தேதி என்பது வகுப்பில் கேக் வெட்டிய தேதி. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அறுபது பேர் கொண்ட வகுப்பின் வாக்கை ஒருவனே மாலைக்குள் போட்டு முடித்துவிடலாம். கைபேசிக்கு ஓடிபி அனுப்புவதால் மட்டும் இது தீராது. கிராமத்து மாணவிகளில் பலர் கல்லூரியில் கொடுத்திருப்பது அப்பாவின் எண்ணையோ அண்ணனின் எண்ணையோதான். ஓடிபி அங்கே போகும், வாக்கும் அங்கேயே போகும்.

இதெல்லாம் கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சான் மார்கோஸ் வளாகத்தில் 2012ஆம் ஆண்டு மாணவர் தேர்தல் இணையம் வழி நடந்தது. தலைவர் பதவிக்கு நின்ற மாணவர் ஒருவர், வளாகக் கணினிகளில் விசையடிகளைப் பதிவு செய்யும் சிறு கருவிகளைச் செருகி, 700க்கும் மேற்பட்ட மாணவர்களின் பாஸ்வேர்டுகளைத் திருடினார். அவற்றைக் கொண்டு தனக்குத் தானே 600க்கு மேல் வாக்குப் போட்டுக்கொண்டார். ஒரே கணினியிலிருந்து வாக்கு மேல் வாக்கு விழுவதைக் கணினிக்கூடத்துப் பணியாளர் கவனித்ததால் பிடிபட்டார். 2013இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அங்கே கவனிக்க ஒரு பணியாளர் இருந்தார், காவல்துறை வந்தது, நீதிமன்றம் வந்தது. இங்கே வாட்ஸப் குழுவில் கேள்வி கேட்டால் குழுவிலிருந்து நீக்குகிறார்கள்.

திருட்டைக்கூடத் தொழில்நுட்பத்தால் ஓரளவு தடுத்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். மறைவை எப்படிக் கொடுப்பார்கள்? வாக்குச்சாவடியில் அந்த அட்டைத் தடுப்பு எதற்காக இருக்கிறது என்று கல்வியாளர்கள் ஒரு நிமிடம் யோசித்ததுண்டா? வாக்காளர் தான் விரும்பினாலும் தன் வாக்கை இன்னொருவருக்குக் காட்ட முடியாமல் செய்வதுதான் அந்தத் தடுப்பின் வேலை. காட்ட முடியாது என்பதால்தான் யாரும் காட்டச் சொல்லி மிரட்ட முடிவதில்லை. காசு கொடுத்தவனும் சரக்கு வந்துசேர்ந்ததா என்று பார்க்க முடிவதில்லை. கைபேசியில் வாக்கு என்றதும் அந்தத் தடுப்பு விழுந்துவிடுகிறது. விடுதி அறையில் சீனியர் "போனக் காட்டு" என்பான். வகுப்பில் வகுப்பாசிரியர் பின்னால் வந்து நிற்பார். ஊர்க்காரன், சாதிக்காரன் என்று நாலு பேர் சேர்ந்து நாற்பது போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த நாற்பது பேரில் ஒரு முதலாமாண்டு மாணவி தன் மனதுக்குப் பட்டபடி வாக்களிக்க வேண்டும் என்றால், அவளுக்குத் தேவை பத்து விநாடி நேரத்துத் தனிமை. எந்தச் செயலியும் அதைத் தரமுடியாது. நாலடி அட்டை தரும்.

மாணவர் சங்கத் தேர்தலுக்கே ஆன்லைன் வாக்கைக் கொண்டுவந்து, நாடு முழுக்கச் சோதித்துப் பார்த்துச் சூடுபட்ட நாடு ஒன்று உண்டு. ஆஸ்திரியா. 2009 மே மாதம் அந்நாட்டின் தேசிய மாணவர் பேரவைத் தேர்தலில், சாவடிக்குப் போயும் வாக்களிக்கலாம், இணையத்திலும் வாக்களிக்கலாம் என்றார்கள். நம் ஊர் கூகுள் ஃபார்ம் மாதிரி அலட்சியமான ஏற்பாடில்லை. அரசே தந்த மின்னணுக் குடிமக்கள் அட்டை, அதைப் படிக்கும் கருவி, மறையீடு எல்லாம் இருந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களில் இணையத்தில் வாக்களித்தவர்கள் 2,161 பேர். ஒரு விழுக்காடுகூட இல்லை. வாக்குப்பதிவு கூடும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 2011 டிசம்பரில் அந்த நீதிமன்றம் மின்வாக்குக்கான விதிமுறையையே சட்டவிரோதம் என்று தள்ளியது. வாக்கு சரியாகப் பதிவாகி, சரியாக எண்ணப்பட்டதா என்பதைத் தேர்தல் குழு தானே, நிபுணர் தயவில்லாமல், சரிபார்க்க வழி சொல்லப்படவில்லை என்பது அதன் கருத்து. இரண்டு ஆண்டுக்கு முன்பே, 2009 மார்ச்சில், ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றமும் வாக்கு இயந்திரங்கள் குறித்த வழக்கில் இதே வழியில் போயிருந்தது: தனித் தொழில்நுட்ப அறிவில்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியமான படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்ல நீதிமன்றம் வரை போகத் தேவையில்லை. அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் ஏற்றிப்போகும் லாரி எடை மேடையில் ஏறுகிறது. எடை எண்ணை ஏற்றுபவரும் பார்க்கிறார், ஓட்டுநரும் பார்க்கிறார். எடைச்சீட்டில் ஒரு படி ஓட்டுநர் கைக்கு வருகிறது. எண் உள்ளறையில் முதலாளிக்கு மட்டும் தெரியும், நீங்கள் நம்பிக்கையோடு கிளம்புங்கள் என்று சொன்னால் எந்த லாரி கிளம்பும்? சாம்பலுக்கு இருக்கிற மரியாதை மாணவர் வாக்குக்கு வேண்டாமா?

தாளில் நடந்தால் தவறே நடக்காது என்று நாம் சொல்லவில்லை. நடக்கும். 2023 நவம்பரில் திருச்சூர் கேரளவர்மா கல்லூரியில் தலைவர் பதவிக்கு முதல் எண்ணிக்கையில் கேஎஸ்யு என்ற மாணவர் அமைப்பின் வேட்பாளர் ஒரே ஒரு வாக்கில் முந்தினார். மறுஎண்ணிக்கையில் எதிர் அமைப்பான எஸ்எஃப்ஐயின் வேட்பாளர் வென்றதாக அறிவித்தார்கள். கலாட்டா, போராட்டம், வழக்கு. கேரள உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து மீண்டும் எண்ணச் சொன்னது. டிசம்பரில் எண்ணினார்கள், எஸ்எஃப்ஐ வேட்பாளர் மூன்று வாக்கில் வென்றார். யார் வென்றார் என்பது நமக்கு முக்கியமில்லை. ஒரு மாதம் கழித்தும், நீதிமன்றம் சொன்னதும், அதே சீட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் கொட்டி எல்லோர் முன்பும் மறுபடி எண்ண முடிந்தது. கூகுள் ஃபார்மில் மறுஎண்ணிக்கை என்றால் அதே பொத்தானை இன்னொரு முறை அழுத்துவது. அதே எண் வரும். முதலில் பொய்யாக இருந்தால் இரண்டாவதும் அதே பொய்.

அதே ஆண்டு மே மாதம், அதே கேரளத்தில், காட்டாக்கடை கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக யூனியனுக்குப் பிரதிநிதியாக வென்றவர் ஒரு மாணவி. கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன பட்டியலிலோ, போட்டியே இடாத வேறொரு மாணவர் தலைவரின் பெயர் இருந்தது. விவகாரம் வெடித்து, காவல்துறை வழக்குப் பதிந்தது. வாக்குப்பதிவு ஒழுங்காக நடந்த இடத்திலேயே, முடிவு அலுவலகத்தின் மேசையைக் கடக்கும்போது பெயர் மாறிவிட்டது. மாட்டிக்கொண்டது எப்படி? வென்றவர் யார் என்பது அந்த வளாகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால். எண்ணிக்கையும் ஒரே மேசைக்குள், பட்டியலும் அதே மேசைக்குள் என்றாகிவிட்டால் யாருக்குத் தெரியும்?

இயந்திரம் வந்தால் தகராறு தீரும் என்பவர்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தை விசாரிக்கட்டும். 2018 செப்டம்பரில் அங்கே மாணவர் சங்க வாக்கு எண்ணிக்கையின்போது வாக்கு இயந்திரங்களில் கோளாறு, எண்ணிக்கையை நிறுத்தினார்கள், வளாகம் கொதித்தது. அந்த இயந்திரங்கள் தேர்தல் ஆணையம் கொடுத்தவை அல்ல என்று டெல்லித் தலைமைத் தேர்தல் அதிகாரி அலுவலகம் அறிக்கை விட வேண்டியதாயிற்று. யாரிடம் வாங்கினார்கள், யார் சோதித்தார்கள் என்ற கேள்வி மாணவர் மனதில் விழுந்த பிறகு, வென்றவர் வெற்றியும் மங்கித்தான் போகும்.

நம் பட்டமளிப்பு விழா மேடைகளில் உத்திரமேரூரை இழுக்காமல் பேச்சு முடிவது அரிது. குடவோலை, சோழர் காலத்துத் தேர்தல், உலகுக்கே முன்னோடி என்று கைதட்டல் வாங்குவார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டை மேடையில் பேசுகிறவர்கள் ஒரு தடவை முழுக்கப் படித்திருந்தால் நன்றாக இருக்கும். யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்ற பகுதியை இன்று நாம் ஏற்க மாட்டோம். நிலமும் வேதமும் இல்லாதவருக்கு அங்கே இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது ஓலை எடுக்கும் முறையை. சபை முழுக்கக் கூடியிருக்க வேண்டும். குடத்தை எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஓலையில் என்ன இருக்கிறது என்று அறியாத சிறு பிள்ளையைக் கொண்டு எடுக்கச் செய்ய வேண்டும். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக்கூடாது என்பதற்காக! பிறகு அவர் வாசிக்க வேண்டும், கூடியிருக்கும் மற்றவர்களும் வாசிக்க வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பு ஒரு கிராம சபைக்கு இருந்த சந்தேக புத்தி, இன்று நாக் தரச்சான்று வாங்கிய கல்லூரிக்கு இல்லாமல் போனதை என்னவென்பது?

நாக் என்றதும் இன்னொன்று. மாணவர் பேரவை இருக்கிறதா, நிர்வாகத்தில் மாணவர் பங்கு என்ன என்பது நாக் குழு கேட்கும் விவரங்களில் ஒன்று. ஆன்லைன் தேர்தல் போஸ்டர் எந்தக் கோப்புக்காகத் தயாராகிறது என்ற ஐயம் நமக்கு இருக்கிறது. அந்த ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு கல்லூரிகளுடையது.

ஆன்லைன் வாக்கே பாவம் என்ற கட்சி இல்லை நாம். எஸ்தோனியாவில் 2005 முதல் இணைய வாக்கு நடக்கிறது. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட வாக்கு அந்த வழியில் விழுந்தது. ஆனால் அங்கே ஒவ்வொருவரிடமும் மின்னணு அடையாள அட்டை உண்டு. யாராவது மிரட்டி வாக்குப் போட வைத்தால், பிறகு தனியே உட்கார்ந்து வாக்கை மாற்றிக்கொள்ளலாம். கடைசியாகப் போட்டதுதான் செல்லும். சாவடிக்குப் போய்த் தாளில் வாக்களித்துவிட்டால் இணைய வாக்கு தானாகவே ரத்து. இங்கே பீகாரிலும் 2025 ஜூனில் நகராட்சித் தேர்தலில் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், வெளியூரில் இருப்போர் போன்றவர்களுக்குக் கைபேசி வாக்கை அனுமதித்துப் பார்த்தார்கள். வரமுடியாதவருக்கு ஒரு வாசல் என்பது வேறு. வரிசையில் நிற்கக் காத்திருப்பவனை விரட்டிவிட்டு அந்த வாசலை மட்டும் திறந்துவைப்பது வேறு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி மாணவருக்கு, கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறும் வேளாண் மாணவருக்கு, மருத்துவமனையில் கிடப்பவருக்கு அந்த வாசல் வேண்டும். முறையாக வேண்டும்.

முறையாகச் செய்கிறவர்களுக்கே எத்தனை இடறல் என்பதற்கு ஒரு கதை போதும். உலகின் மறையீட்டு ஆய்வாளர்களுக்கு ஐஏசிஆர் என்றொரு சர்வதேசச் சங்கம் உண்டு. பூட்டு செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள். வாக்கை எவரும் தனியே திறந்து பார்க்க முடியாதபடி சாவியை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்து இணையத் தேர்தல் நடத்துகிறார்கள். 2025 தேர்தலில் மூவரில் ஒருவர் தன் சாவியைத் தொலைத்துவிட்டார். முடிவைத் திறக்க வழியில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? நடந்ததை வெளிப்படையாக அறிவித்து, தேர்தலை ரத்து செய்து, மறுபடி நடத்தினார்கள். வெட்கத்தை ஏற்றுக்கொள்ளும் அந்தத் தைரியம் வாட்ஸப்பில் லிங்க் அனுப்புகிற நம் நிர்வாகங்களுக்கு உண்டா என்று கேட்கிறோம்.

இனி மூலக் குற்றத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் ஆன்லைன் தேர்தலும் இல்லை, தாள் தேர்தலும் இல்லை. முதல்வர் கைகாட்டுகிறவர் பேரவைத் தலைவர். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று இடைக்கால உத்தரவு போட்டது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது, வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும், அச்சடித்த போஸ்டர் கூடாது, மனுத்தாக்கல் தொடங்கி முடிவு வரை பத்து நாளுக்குள் முடிய வேண்டும், கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்றெல்லாம் அந்தப் பரிந்துரைகளில் துல்லியமாக இருக்கிறது. வளாகச் சூழல் சரியில்லாத இடங்களில் நியமன முறை இருக்கலாம் என்று ஒரு விலக்கும் தந்தது அக்குழு. அந்த விலக்கைத்தான் நம் நிர்வாகங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. அதை ஒட்டியே இருக்கிற இன்னொரு வரியை மறந்துவிட்டன: ஐந்து ஆண்டுக்குள் எல்லா நிறுவனங்களும் நியமனத்திலிருந்து தேர்தலுக்கு மாறியாக வேண்டும். அந்த ஐந்து ஆண்டு 2011இல் முடிந்துவிட்டது.

தேர்தல் வைத்தால் அடிதடி, சாதிச் சண்டை, கட்சிக்காரன் உள்ளே வருவான் என்பது இவர்களின் நிரந்தரப் பதில். பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நெய்வேலியைப் பாருங்கள். இத்தனை கொடி, இத்தனை கட்சி, இத்தனை சாதி, அதோடு கூலியும் வேலையும் பணயமாக இருக்கும் வாக்கெடுப்பு. அதையே மத்தியத் தொழிலாளர் துறையின் மேற்பார்வையில் ஒரு நாளில் நடத்தி எண்ணிவிடுகிறார்கள். இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில் முடியாது என்றால் யாரை ஏமாற்றுகிறீர்கள்? அடிதடிக்குப் பயந்து தேர்தலை நிறுத்தியவர்கள், தேர்தல் இல்லாத இத்தனை ஆண்டுகளில் வளாகங்களிலிருந்து சாதிக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்களா?

திராவிடக் கட்சிகள் இரண்டுக்கும் ஒரு வார்த்தை. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரனின் சிலை அண்ணாமலைநகரில் நிற்கிறது. 1967இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். மாணவர் தோளில் ஏறிக் கோட்டைக்குப் போன வரலாறு உங்களுடையது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாறி மாறி ஆண்டும், அந்த மாணவனுக்கு ஒரு வாக்குச்சீட்டைத் திருப்பித் தர உங்களுக்கு மனம் வரவில்லை. 18 வயதில் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம், பேரவைச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கக்கூடாது! மாலை போட மட்டும் ஜனவரியில் வருகிறீர்கள்.

செலவு என்று ஒரு சாக்கு வரும், அதையும் முடித்துவிடுவோம். ஒரு ரீம் ஏ4 தாளில் 500 தாள். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் 2,000 வாக்குச்சீட்டு. கல்லூரியின் ஜெராக்ஸ் இயந்திரத்திலேயே அடிக்கலாம். பெட்டிக்குப் பழைய பிஸ்கட் டின்னும் அரக்கும் போதும். ஆண்டு விழாவுக்குக் கூப்பிடும் திரைப்பட நடிகரின் கார் வாடகை இதைவிடக் கூடுதல்.

ஆகவே நாம் கேட்பது இது. உயர்கல்வித் துறை, மின்னஞ்சலும் பெயரும் கேட்கும் ஃபார்ம்கள் வழியே நடந்த பேரவைத் தேர்வுகள் செல்லாது என்று சுற்றறிக்கை விட வேண்டும். வரும் கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது என்றால் ஆகஸ்டுக்குள் ரகசிய வாக்கெடுப்பு முடிந்திருக்க வேண்டும். 2021இல் கடலூர் மாவட்டக் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகள் அத்தனைக்கும் ஒரே விதிமுறையை, தமிழில், வெளியிட வேண்டும். வாக்காளர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் தொங்க வேண்டும். மனுத் தள்ளுபடி என்றால் காரணம் எழுத்தில் வேண்டும். வாக்குப்பதிவு நூலகத்திலோ கலையரங்கிலோ, மறைவோடு. எண்ணிக்கை அன்றே, வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால், ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி. எண்களைப் பலகையில் ஒட்ட வேண்டும். சீட்டுகளை அரக்கு வைத்துக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். லிங்டோ குழு சொன்ன குறைதீர்ப்புப் பிரிவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது மாணவருக்குப் பெயரோடு தெரிய வேண்டும். வரமுடியாதவர்களுக்கு இணைய வாக்கு வேண்டுமென்றால், அவர்கள் எழுதிக் கேட்க வேண்டும். வாக்கை மாற்றிப் போடவும், நேரில் வந்தால் ரத்து செய்யவும் வசதி இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டின் மென்பொருள் நிரலை வெளியார் பார்த்துச் சோதிக்கத் திறந்துவைக்க வேண்டும். இவற்றைச் செய்ய முடியாத கல்லூரி ஆன்லைன் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம்.

பெயர் எழுதாமல் விட்ட அந்தக் கல்லூரி நிர்வாகமும் இதைப் படிக்கும் என்று தெரியும். அந்த ஃபார்மில் எத்தனை வரிகள் விழுந்தன, இருவருக்கும் எத்தனை எத்தனை என்பதை இப்போதாவது பலகையில் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டு அந்த விரிதாளை அழியுங்கள். எந்தப் பிள்ளை யாருக்குப் போட்டான் என்பது உங்கள் கணினியில் இருக்க வேண்டிய விவரமில்லை. அந்தப் பையன் ஜூனில் மூன்றாம் ஆண்டுக்குப் போகிறான். அவனுக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு தேர்தல்.